கரை ஒதுங்கிய வலை

மண்டபத்தில் இறங்கி உசாமா வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். சமாதானம் வீடு எது என்று கேளுங்கள், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வரும். அந்தப் பெயரை வைத்தவர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் காஜா நவாஸ். துறைமுகத்தில் ஒருநாள் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கைகலப்பு. உசாமா நடுவில் புகுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "பேசித் தீத்துக்கலாம்ணே, பேசித் தீத்துக்கலாம்" என்று நின்றான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அறை, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு அறை. கன்னம் வீங்கி வந்தவனுக்கு நவாஸ் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "வாலே சமாதானம், உக்காரு" என்றார். அத்தோடு சரி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் தங்கிவிட்டது.

அறை வாங்கினால் அடங்கிவிடுகிற ஆளா அவன்? ராமநாதபுரத்தில் பி.ஏ. படித்தான். சவூதிக்குப் போய் ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கினான். ஒரு வருஷம் தாங்கவில்லை, திரும்பி வந்துவிட்டான். அவன் வாப்பா வாவு முகம்மது சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்து, தானே ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர். "கடலுக்கும் வரமாட்டேங்குறான், வெளிநாட்டுச் சபுருக்கும் போகமாட்டேங்குறான். இவன என்னத்துல சேக்குறது?" என்று நவாஸ் கடையில் உட்கார்ந்து புலம்புவார். புலம்பலில் பாதி பெருமை. ஏனென்றால் அதற்குள் மகன் ஒரு கூட்டமைப்பில் சேர்ந்திருந்தான். அவன் பேச்சு செல்போனில் வந்தால் வாப்பா ஸ்பீக்கரைப் போட்டு நாலு பேருக்குக் கேட்கும்படி வைப்பார்.

அந்தக் கூட்டமைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். சண்டை வந்தால் முதலில் சாவது இளசுகள். சண்டையை நிறுத்தப் பேச உட்காருவதோ நரைத்த தலைகள். இது நியாயமா, அமைதியும் பாதுகாப்பும் பேசுகிற இடத்தில் இளைஞர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டாமா என்று ஐ.நா. சபை பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தீர்மானம் போட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நாடு முழுவதும் இருக்கிற சின்னச் சின்ன இளைஞர் அமைப்புகள் கைகோத்து ஒரு தேசியக் கூட்டமைப்பு ஆரம்பித்தார்கள். வடகிழக்கில் மலைச் சனங்கள், மத்தியில் காட்டுச் சனங்கள், எல்லோரும் இருந்தார்கள். கடல் எல்லை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. சென்னையிலிருந்து சிநேகா என்ற பொறுப்பாளர் ஆள் தேடி வந்தாள். உசாமாவைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவனுக்குக் கூட்டமைப்பின் நீலநிற டி-ஷர்ட்தான் உடம்புத்தோல். உம்மா அதைத் துவைக்கப் பிடுங்க வேண்டியிருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, பையன் நன்றாகப் பேசுவான். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தால் முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கூட்டத்தைப் பார்ப்பான். பிறகு, "கடலுக்குக் கோடு கிடையாது" என்பான். அவ்வளவுதான், கைத்தட்டல் கூரையைப் பிய்க்கும். மதுரையில் தட்டினார்கள், சென்னையில் தட்டினார்கள். விசைப்படகுச் சங்கத்துக் கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். அங்கே ஏன் அப்படிப் பலமாகத் தட்டினார்கள் என்று அவன் ஒருநாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அக்கரைச் சிலோன் பிள்ளைகளும் இக்கரைப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை எழுதி டெல்லிக்குக் கொண்டுபோவது என்று கூட்டமைப்பு முடிவு செய்தபோது, அக்கரையிலிருந்து பேச வந்தவள் தக்சிகா. பருத்தித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கரை ஊர். அப்பா சின்னப் படகில் வலை போடுகிறவர். ஒரு வருஷமாக வீடியோவில் பேசிப் பேசி உசாமாவுக்கு அவள் கூடப் பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். "உசாமா அண்ணா" என்று அவள் கூப்பிட்டால் இவனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும். அறிக்கையில் எல்லாம் சுமுகமாக ஒத்துப்போயின. ஒரே ஒரு வரியில்தான் இழுபறி. இந்தக் கரை விசைப்படகுகள் எல்லை தாண்டி வந்து எங்கள் வலைகளை அறுக்கின்றன என்று எழுத வேண்டும் என்றது அவர்கள் பக்கம். அப்படி எழுதினால் சங்கம் கொதிக்கும் என்றார்கள் இவர்கள் பக்கம். "நேர்ல உக்காந்து பேசுவோம், சரியாயிரும்" என்றான் உசாமா. அவனுக்கு எல்லாமே நேரில் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

போன பங்குனியில் அக்கரைப் பிள்ளைகள் வந்தார்கள். கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து வேனில் மண்டபம். மறுநாள் காலையில் கல்யாண மஹாலில் கூட்டம். மற்றவர்கள் விடுதியில் தங்கிக்கொள்ள, தக்சிகாவை மட்டும் வந்த அன்றே மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனான் உசாமா. உம்மா காலிதா முதல்நாளே ஆரம்பித்துவிட்டாள். நெய்ச்சோறு, தாளிச்சா, வட்டிலாப்பம், எல்லாவற்றுக்கும் மேலே கூட்டிலிருந்து பிடித்து அறுத்த நாட்டுக்கோழிக் குழம்பு. வாப்பாவும் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, வா. உங்க ஊருல மழை மாரியெல்லாம் எப்புடி?" என்று வாப்பா கேட்டார்.

"பரவாயில்லை ஐயா. இந்த முறை நல்ல மழை."

"கையக் கழுவிட்டு வா புள்ள, பின்னாடி தொட்டி இருக்கு" என்று உம்மா அவளைக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள்.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே கோழிக்கூடு. கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாமல் இருந்தபோது உசாமாவே கட்டியது. நாலு சவுக்குக் கம்பு நட்டு, சுற்றி வலையை இழுத்துக் கட்டியிருந்தான். மண்டபத்தில் அந்த மாதிரி வலை இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். முருங்கைக் கன்றுக்கு வேலி, ஆட்டுக்குட்டிக்கு அடைப்பு, கருவாடு காயப் போட விரிப்பு. விசைப்படகு மடி என்கிற இழுவலையை இழுத்துக்கொண்டு போகும்போது கடலில் விரித்து வைத்திருக்கிற வலை அதில் சிக்கும். சிக்கினதை அறுத்துவிட்டுப் போவார்கள். அறுத்ததில் ஒரு துண்டு மடியோடு படகில் ஏறி ஊருக்கு வந்து சேரும். அதற்கு ஊரில் தனியாக ஒரு பெயரும் கிடையாது. யாரும் திருட்டு என்று சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. மீனோடு வருகிற பாசி மாதிரி அதுவும் வந்தது.

தக்சிகா கையைக் கழுவவில்லை. குழாயைத் திறந்தவள் அப்படியே விட்டுவிட்டுக் கூட்டுக்கு முன்னால் போய்க் குந்தினாள். வலையின் மேல்கயிறு கம்புகளின் உச்சியில் ஓடியது. அதில் வரிசையாக மிதப்புகள். கடையில் விற்கிற மிதப்பு இல்லை, ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக் கோத்தது. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். பார்க்க அழகாக இருக்கிறது என்று உம்மா அதை வெட்ட விடவில்லை. தக்சிகா ஒரு மிதப்பைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைத் திருப்பினாள். மூன்றாவதைத் திருப்பவில்லை.

"இது எங்கை வாங்கினனீங்கள் அம்மா?"

"வாங்குறதா! நல்லா கேட்ட போ" என்று உம்மா சிரித்தாள். "இவுக வாப்பா கடல்ல இருந்து கொண்டாந்தது. சிலோன் வலைம்மா, உங்க ஊரு வலைதான். எங்க ஊரு வலையெல்லாம் ஒரு வெயிலுக்குத் தாங்காது. இது இத்தனை வருசமாச்சு, ஒரு கண்ணு விட்டுருக்கா பாரு." சொன்னது போதாதென்று வலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் காட்டினாள். கோழிகள் கத்தின. "கெட்டின்னா கெட்டி, அப்புடிக் கெட்டி. எந்தப் புண்ணியவான் முடிஞ்சானோ!"

பின்வாசலில் துண்டோடு நின்ற உசாமாவுக்கு அந்த நிமிஷம்தான் கண் திறந்தது. இத்தனை வருஷம் தினமும் அந்தக் கூட்டைத் திறந்து தவிடு வைத்தவன், அந்த வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மேடைப் பேச்சை மனப்பாடம் செய்தவன், இன்றைக்குத்தான் அதைப் பார்த்தான். உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. பேசாமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"அது கரை ஒதுங்குனது தக்சிகா" என்றான். "புயல்ல அடிச்சுக்கிட்டு வந்து கரை ஒதுங்குனது."

"எந்தப் புயல்லலே?" என்றாள் உம்மா, சூதுவாது தெரியாத மனுஷி. "உங்க வாப்பா போட்டுல வந்ததுதான? நீதான ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்த!"

தக்சிகா எழுந்து கையைக் கழுவினாள். உசாமா நீட்டிய துண்டில் துடைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். நெய்ச்சோறு நல்லாயிருக்கு என்றாள். உம்மா இரண்டாம் தடவை கோழிக் குழம்பு ஊற்றியபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. வட்டிலாப்பம் எங்கட ஊரிலையும் செய்யிறவை, ஆனா இவ்வளவு ருசி இல்லை என்றாள். உசாமாவுக்கு ஒரு பிடி சோறு இறங்கவில்லை. விருந்தாளி மரியாதையாகச் சாப்பிடுகிறாள், வீட்டுக்காரன் தலை நிமிர மாட்டாமல் சோற்றைப் பிசைகிறான். வாப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னலே, நாளைக்குப் பேசப் போற பயமா?" என்று கேலி பண்ணினார்.

சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் விடுதிக்கு நடந்தார்கள். துறைமுகத்திலிருந்து ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டு போனது. அது போன பிறகு தக்சிகாதான் ஆரம்பித்தாள்.

"அது எங்கட அப்பாவின்ரை வலை."

அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"மிதப்பு வாங்கக் காசில்லை. நான் கரை நெடுக செருப்புப் பொறுக்கிக்கொண்டு வருவன், அப்பா வெட்டுவார். ஆரின்ரை வலையெண்டு தெரிய வேணும்தானே. ஆணியைச் சூடு காட்டி ஒவ்வொண்டிலையும் நான்தான் 'த' எண்டு சுட்டனான். எங்கட எல்லாப் பேருக்கும் அதுதான் முதல் எழுத்து. அப்பா தங்கத்துரை, நான் தக்சிகா. கொரோனாவுக்கு முந்தின வருசம். அப்பா போய்ப் பாத்தா வலை இல்லை. உங்கட பக்கத்து விசைப்படகு, றோலர், இழுத்துப் போட்டுது. அப்பா சாமான் தேடுற மாதிரி ரெண்டு நாள் கடலிலை தேடினவர். அந்த வருசம் நான் சோதினை எழுதேல்லை. அம்மாவோட மீன் கொம்பனிக்கு நண்டு உடைக்கப் போனனான்."

"தக்சிகா, நான்..."

"உங்கட அம்மாவிலை எனக்குக் கோவம் இல்லை அண்ணா. அவ உண்மையைச் சொன்னவ. உங்கட ஐயாவிலையும் இப்ப கோவப்பட்டு என்ன செய்யிறது. நீங்கள் புயல் எண்டு சொன்னீங்கள் பாருங்கோ. அதுதான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

உசாமாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. விடுதி வாசலில் அவள் திரும்பி நின்றாள்.

"நாளைக்கு ஒண்டு மட்டும் செய்யுங்கோ. கடலுக்குக் கோடு இல்லையெண்டு சொல்லாதேங்கோ. அந்தக் கோடு இருக்கிறபடியாத்தான் எங்கட கடல் எண்டு ஒரு துண்டாவது மிச்சம் கிடக்கு. கோடு இல்லையெண்டு றோலர்க்காரரும்தான் சொல்லுகினம்."

வீட்டுக்குத் திரும்பியபோது வாப்பா அஸர் தொழுதுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உசாமா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். வாப்பா கேட்டுக்கொண்டே எழுந்து கொல்லைக்குப் போனார். ஒரு மிதப்பைத் திருப்பினார். கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை, விரலால் தடவினார்.

"எந்த வலைன்னு எனக்கு ஞாபகமே இல்லைலே" என்றார். "ஒண்ணா ரெண்டா?"

"நாளைக்கு நான் அந்த வரிய அறிக்கையில போடச் சொல்லப் போறேன் வாப்பா."

அதைக் கேட்டதும் அவருக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "போடு, நல்லாப் போடு. இங்கனக்குள்ள கடல வழிச்சுத் தின்னாச்சு, மீன் எங்கன இருக்கோ அங்கன போறோம். ஆசைக்கா போறோம்? சிலோன் நேவிக்காரன் புடிச்சிட்டுப் போயி மாசக்கணக்குல உள்ள வைக்குறானே, அது எழுதியிருக்கியா? எழுதிட்டியா? சரி. சங்கத்து ஆளுக எல்லாரும் நாளைக்கு வாராங்க. அவங்க முன்னாடி உன் வாயால சொல்லு, எங்க வாப்பா அறுத்தாருன்னு. அப்புறம் நான் எந்த ஐஸ் கம்பெனியில போயி நிக்குறது, எந்தப் பயலைக் கூப்புட்டுப் படகுல ஏத்துறது? நீ போட்டுருக்குற சட்டையிலருந்து தின்ன சோறு வரைக்கும் அந்த மடியில ஏறி வந்ததுதான்!"

வாப்பா அதற்கு மேல் கத்தவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிக்குக் கிளம்பினவர் வாசலில் நின்று, உசாமாவைப் பார்க்காமல், "அடுத்தவன் பொருள் ஹராமுன்னு எனக்குத் தெரியாதா? கடல்ல கெடந்தா அது எப்புடியோ மறந்து போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கல்யாண மஹால் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் இரு கரைப் பிள்ளைகள். அகதிகள் கேம்ப்பிலிருந்து சிலர், தொண்டிப் பக்கத்திலிருந்து சிலர். பின்வரிசையில் படகுச் சங்கத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் வாப்பா. கடையைப் பூட்டிவிட்டு காஜா நவாஸும் வந்திருந்தார். ஊர்ப் பிள்ளை பேசுகிறானே!

உசாமா மைக்கைப் பிடித்தான். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தான். இந்தத் தடவை அது வித்தை இல்லை, நிஜமாகவே பேச்சு வரவில்லை. "நம்ம வீடுகள்ல..." என்று ஆரம்பித்தான். சங்கத்துத் தலைவர் புருவத்தைத் தூக்கினார். "நம்ம வீடுகள்ல சில பொருள் இருக்கு..." என்றான். அதற்கு மேல் ஓடவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு. என்னாச்சு சமாதானத்துக்கு, உடம்பு கிடம்பு சரியில்லையா?

பின்னாலிருந்து நவாஸ்தான், பையன் திணறுகிறானே என்ற பாசத்தில், எழுந்து நின்று கத்தினார்: "ஏலே சமாதானம், அந்தக் கோடு டயலாக்க எடுத்து விடுலே!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த முகங்களைப் பார்த்ததும் உசாமாவுக்குப் போன உயிர் வந்தது. அந்த வந்த உயிர்தான் அவனைக் கெடுத்தது. நல்ல குரலில், நிறுத்தி, அழகாகச் சொன்னான்.

"கடலுக்குக் கோடு கிடையாது."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. தக்சிகாவும் தட்டினாள். மரியாதைக்கு மூன்று தரம் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். உசாமா அதை மட்டும்தான் பார்த்தான்.

பிறகு அறிக்கை. சிநேகா ஒவ்வொரு வரியாக வாசித்து இரண்டு பக்கமும் சம்மதம் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த வரி வந்ததும் பின்வரிசையில் நாற்காலிகள் நகர்கிற சத்தம். "இந்தக் கரை சார்பா ஒருங்கிணைப்பாளர் சொல்லணும். இந்த வரி இருக்கட்டுமா உசாமா?" என்று கேட்டாள் சிநேகா. ஆமாம் என்றால் போதும். ஒரு சொல். உசாமா வாப்பாவைப் பார்த்தான். வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை... பிறகு பேசிக்குவோம்" என்றான் உசாமா.

வரி போய்விட்டது. தக்சிகா எழுந்து தங்கள் பக்கத்துக்காக நன்றி சொன்னாள். வழியெல்லாம் கவனித்துக்கொண்டவர்களுக்கு நன்றி என்றாள். நேற்று ஒரு வீட்டில் சாப்பிட்டேன், பெற்ற தாய் மாதிரி பரிமாறினார்கள் என்றாள். அவ்வளவுதான். அந்த வீட்டில் வேறு எதைப் பார்த்தேன் என்று அவள் சொல்லவே இல்லை. அவள் சொல்லிவிட்டிருந்தால் உசாமாவுக்குக் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். டெல்லிக்கு அறிக்கையைக் கொண்டுபோக உசாமாவின் பெயரை அறிவித்தார்கள். அதற்கும் தட்டினார்கள். கூனிக் குறுகி மேடையில் நின்றான் அவன். அடக்கமான பையன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

சாப்பாடு முடிந்து அக்கரைப் பிள்ளைகளின் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வாப்பாவின் டிவிஎஸ் வந்து நின்றது. நன்றியுரையின்போதே எழுந்து போனவர். முன்னால் ஒரு சாக்கு. சட்டையெல்லாம் ஈரம், முழங்கையில் கோழிச் சிறகு ஒட்டியிருந்தது. சங்கத்து ஆட்கள் வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா அவர்களைத் தாண்டி நேராகத் தக்சிகாவிடம் போனார்.

"அம்மா, இது கரை ஒதுங்குனது இல்ல. நான் அறுத்தது."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. சங்கத்துத் தலைவர் பீடியைக் கீழே போட்டார்.

"கழுவிருக்கேன். கோழி எச்சம் முழுசாப் போகல" என்றார் வாப்பா. சாக்கைக் கீழே வைத்தார். "மீன் புடிக்க ஆகாது, தெரியும். இருந்தாலும் உங்க அப்பா பொருளு."

தக்சிகா சாக்கின் வாயைத் திறந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இதைக் கொண்டுபோய்க் குடுத்தா, ஆர் தந்ததெண்டு அப்பா கேப்பார் ஐயா. நான் என்னத்தைச் சொல்ல?"

"வாவு முகம்மது, மண்டபம். அந்தாளுதான் அறுத்தான், அந்தாளுதான் குடுத்தான்னு சொல்லு. மன்னிக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன்மா. எனக்கு அந்த மொகம் இல்ல."

அவள் சாக்கைத் தூக்கித் தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "போய்ட்டு வாறன் அண்ணா" என்றாள். குரலில் ஒரு கடுப்பும் இல்லை. முன்பு அந்தச் சொல்லைக் கேட்டால் பெருக்கிற நெஞ்சு இப்போது எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் கிடந்தது. வேன் திரும்பிப் போன பிறகும் உசாமா அந்த இடத்திலேயே நின்றான். வாப்பா அவனைக் கூப்பிடவில்லை. வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சங்கத்து ஆட்களில் ஒருவரும் அவருக்கு வழியில் சலாம் சொல்லவில்லை.

சாயங்காலம் உசாமா டீக்கடைக்குப் போனான். சிநேகாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான், நான் டெல்லிக்குத் தகுதி இல்லை என்றும் சொல்லியிருந்தான். அவள் கேட்டுவிட்டு, "உசாமா, இது எவ்வளவு பெரிய விஷயம்! டெல்லியில இதையே பேசுங்க, எல்லாரும் அழுதுடுவாங்க" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். ஆனால் இந்த வெட்கத்தையும் மேடையில் ஏற்றிக் கைத்தட்டல் வாங்கச் சொல்கிறாள். அதிலும் மோசம் என்னவென்றால், எந்த இடத்தில் நிறுத்தினால் தட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

கடையில் கூட்டம். படகுக்காரர்கள், வலைக்காரர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். வாப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், இவனைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். நவாஸ் டீயை ஆற்றி அவன் முன்னால் வைத்தார். உசாமா எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான். கடைக்கு முன்னால் வெயிலுக்குக் கட்டியிருந்த பந்தலின் மேலே, தென்னங்கீற்று காற்றில் பறக்காமலிருக்க இழுத்துக் கட்டிய வலை. எத்தனையோ வருஷமாக அதற்குக் கீழேதான் உட்கார்ந்து சமாதானம் பேசியிருக்கிறான்.

"நவாஸ்ண்ணே, இந்த வலை எங்கன இருந்து வந்துச்சு?"

நவாஸ் பந்தலைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அதா? புயல்ல கரை ஒதுங்குனதுலே."

உசாமாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனைக்கும் நவாஸ் நேற்று அவன் வீட்டுக் கொல்லையில் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவும் இல்லை.

"இல்லண்ணே" என்றான். மேடையில் வருகிற குரல் இல்லை, பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்கே சரியாகக் கேட்டிருக்காது. "ஒதுங்கல. அறுத்தது. எங்க வீட்டுலயும் அறுத்ததுதான் இருந்துச்சு. நான் நேத்து அந்தப் புள்ளைகிட்ட ஒதுங்குனதுன்னு சொன்னேன். இன்னைக்குக் கேட்டப்பவும் வாயத் தொறக்கல."

ஒருவரும் தட்டவில்லை. மூட்டைக்காரர் ஒருவர் காசை வைத்துவிட்டு எழுந்து போனார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். வைத்த டீயை நவாஸ் திரும்ப எடுத்துக் கழுவுகிற கல்லில் வைத்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"வீட்டுக்குப் போ உசாமா" என்றார்.